பியூஸ் அதன் இடத்திலேயே இருக்கிறது

தம்பி,

காரின் திறப்பைத் திருப்புவதற்கு முன் இதை முழுதாக வாசித்து முடி. நாளைக் காலையில் கதவைத் திறந்ததும் இருக்கையில் இந்த உறையைக் காண்பாய். கலியாணம் நெருங்குகிறது, அப்பா புத்திமதி எழுதத் தொடங்கிவிட்டார் என்று நினைத்து உறையோடு தூக்கிப் பின்னுக்கு எறிந்துவிடாதே. முதலில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் காரின் பிறேக்கில் உள்ள ஏபிஎஸ்ஸை நான் கழற்றவில்லை. செவ்வாய்க்கிழமை உன்னிடம் "ஓம், கழட்டியாச்சு" என்று சொன்னது பொய். அதற்கு மின்சாரம் கொடுக்கும் பியூஸ் அதன் இடத்திலேயே இருக்கிறது. நான் கழற்றியது, பியூஸைப் பிடுங்கினால் எரியும் அந்த மஞ்சள் எச்சரிக்கை விளக்கின் சின்னப் பல்பை மட்டும்தான். விளக்கு எரியாததைப் பார்த்து, பியூஸையும் கழற்றி விளக்கையும் மறைத்துவிட்டேன் என்று நீ நம்பினாய். நான் அப்படித்தான் உன்னை நம்பவைத்தேன். ஆகவே நாளை நீ அம்மாவை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு, கூறைச் சீலை எடுக்க வவுனியாவில் சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது, உன் கால் ஒரு காரை நினைத்துப் பிறேக்கை அமத்தும். கால்களுக்குக் கீழே இருப்பதோ வேறொரு கார்.

எதற்காக இப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். எனக்கும் முழுதாகத் தெரியவில்லை, அதுதான் இந்தக் கடிதத்தின் கரைச்சல். முப்பது வருஷத்துக்கு மேல் வாடகைக்கு ஹயர் கார் ஓடி உங்களை வளர்த்தவன் நான். கார் விஷயத்தில் என்னிடம் யார் எதைக் கேட்டாலும் வாயில் வெற்றிலை இருந்தாலும் துப்பிவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். சரியோ பிழையோ, யோசித்ததில்லை. கடந்த மூன்று கிழமையாக ஒரு பிறேக் விஷயத்தில் காலையில் ஒரு முடிவு, மத்தியானம் இன்னொரு முடிவு, பின்னேரம் இரண்டையும் விட்டுவிட்டுச் சும்மா முற்றத்தில் நிற்கிறேன். அம்மா கேட்டாள், "பல்லுக் கொதியோ?" என்று. பல்லுக் கொதி என்றால் பிடுங்கிவிடலாம்.

இது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்கிறேன். சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கை முடிந்து தோட்டங்களுக்குத் திரும்பும் இடத்தில் புதிதாகக் கிரவல் கல் பரப்பியிருந்தார்கள். நீ கொழும்பில் வாங்கி வந்து இரண்டு மாதம்கூட ஆகாத அந்தச் சிவப்பு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரில் நானும் பக்கத்தில் இருந்தேன். அது நிலத்தோடு உட்கார்ந்திருக்கும் கார். ஏறுவதென்றால் விழவேண்டும், இறங்குவதென்றால் யாராவது தூக்கிவிடவேண்டும். நீ கொஞ்சம் வேகமாகத்தான் வந்தாய். வேலிக்குள் இருந்து ஒரு மனிதர் சைக்கிளில் பீற்றூட் மூட்டையோடு வெளியே வந்தார். நீ பிறேக்கை அமத்தினாய். கார் நிற்கவில்லை. கடகடவென்று காலுக்குக் கீழே ஏதோ அதிர, கிரவலின் மேல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவருடைய முன்சில்லுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவர் பயத்தில் சைக்கிளை விட்டுவிட, மூட்டை அவிழ்ந்து பீற்றூட் முழுவதும் பாதையில் உருண்டது. நீ இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தாய். அவர் கோபப்படவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வடிவான கார் தம்பி. பிறேக் மட்டும் பூட்ட மறந்திட்டாங்களோ?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி உன்னை எவ்வளவு சுட்டது என்று வீடு வரும்வரை நீ காரை நடக்கிற வேகத்தில் ஓட்டியதிலேயே எனக்குத் தெரிந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். பிறேக்கைப் பலமாக அமத்தினால் சில்லு இறுகிப்போய்ச் சுழலாமல் சறுக்கும். சறுக்கும் சில்லை ஸ்டியரிங்கால் திருப்ப முடியாது. அதற்காகத்தான் ஏபிஎஸ், சில்லு இறுகப்போகும் நேரத்தில் அதுவே விடும், பிடிக்கும், விடும், பிடிக்கும், அந்த அதிர்வுதான் காலில் தெரிந்தது என்றாய். பிறகு சொன்னாய், கிரவலில் சில்லு இறுகினால்தான் நல்லது, கல்லைக் குவித்துக்கொண்டு நிற்கும், இந்தச் சாமான் விட்டுவிட்டுப் பிடிப்பதால்தான் கார் நிற்காமல் ஓடியது, நல்ல ஓட்டக்காரர்கள் இதைக் கழற்றிவிட்டுத்தான் ஓடுகிறார்கள் என்று. கைத்தொலைபேசியில் வீடியோ காட்டினாய். ஒருவன் கழற்று என்றான். அடுத்தவன் கழற்றினால் செத்தாய் என்றான். இருவரும் ஒரே மாதிரித் தொப்பி போட்டிருந்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மேசைக்கு வெளியே ஒரு காலை நீட்டியபடி, எப்போதும் இருப்பதுபோல், சாய்ந்து இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பாதிச் சோற்றோடு கை கழுவ எழும்பிவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தநாள் மருதனார்மடத்தில் ராசன் அண்ணையின் கராச்சுக்குப் போனேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், என் பழைய காருக்கு வைத்தியம் பார்த்தவர், இப்போது கணினி வைத்துப் புதுக் கார்களுக்கும் பார்க்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "அண்ணை, கழட்டுறதோ விடுறதோ, ஒரு சொல்லிலை சொல்லுங்கோ" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "உன்ரை பெடியன் சொன்னது சரி. கிரவலிலை உது தடக்கும்" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. "அப்ப கழட்டவோ?" "ஆனா மழை பெஞ்ச தார் றோட்டிலை அது தெய்வம் கண்டியோ." "அப்ப விடவோ?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் எந்த இடத்திலை, எந்த நாளிலை பிறேக் அடிக்கப்போறான் எண்டு முதலே எனக்குச் சொல்லு. நான் அந்த இடத்துக்கு மட்டும் கழட்டி விடுறன்." நான் திரும்பி வரப் பார்த்தேன். அப்போது அவர் பின்னாலிருந்து இன்னொன்று கேட்டார். "அண்டைக்கு உவன் பிறேக்கை அமத்திப் பிடிச்சவனோ, இல்லாட்டி விட்டு விட்டு அமத்தினவனோ? இந்தக் காருக்கு ஒரே அமத்து, பிடிச்சபடி இருக்கவேணும். விட்டு விட்டு அமத்தினா உதின்ரை வேலையை நாங்களே கெடுக்கிறம்."

அந்தக் கேள்விதான் என்னைப் போட்டு ஆட்டியது. ஏனென்றால் உனக்கு விட்டு விட்டு அமத்தப் பழக்கியவன் நான். பதினெட்டு வயதில் என் பழைய காரில் உன்னை இருத்தி, "ஒரேயடியா அமத்தாதை மோனை, சில்லு இறுகிப்போம். விட்டு அமத்து, விட்டு அமத்து" என்று உன் முழங்காலில் தட்டித்தட்டிப் பழக்கினேன். அந்தக் காருக்கு அது சரி. அப்படியென்றால் பீற்றூட்காரருக்கு முன்னால் கார் ஓடியது ஏபிஎஸ்ஸாலா, கிரவலாலா, உன் வேகத்தாலா, நான் பழக்கிய பழக்கத்தாலா? நான்கில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த நாலாவது பதில்தான் வந்துவிடுமோ என்று பயந்து கேட்கவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் உன்னைக் கொழும்புத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பரிசோதித்துப் பார்த்தால் குழப்பம் தீரும் என்று நினைத்தேன். கடலேரிக் கரையில் அந்தக் கிரவல் வெளியில் ஒரு பழைய மிதவையை அடையாளத்துக்கு வைத்து, அதைத் தாண்டியதும் பிறேக் அடிப்பது, எங்கே நிற்கிறதோ அதுவரை கவடு வைத்து எண்ணுவது என்று ஏற்பாடு. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "கார் விக்கப்போறியளோ?" என்று கேட்டார். பியூஸ் உள்ளே இருக்கும்போது பத்தொன்பது கவடு வந்தது. பொனெற்றைத் திறந்து, ராசன் அண்ணை காட்டிய பியூஸை நான் பிடுங்கியதும் பதினைந்து. நாலு கவடு என்பது ஒரு சைக்கிளும் மனிதரும் பீற்றூட் மூட்டையும் நிற்கக்கூடிய இடம். "பாத்தியளே அப்பா!" என்று நீ துள்ளினாய். எனக்கும், உண்மையைச் சொன்னால், பெருமையாகத்தான் இருந்தது. என் பிள்ளை சொன்னது சரி.

பிறகு தார் வீதிக்கு ஏறினோம். மார்கழித் தூறல் போட்டு வீதி பளபளத்துக்கொண்டிருந்தது. பியூஸ் இருக்கும்போது நீ ஓடினாய், கார் காலுக்குக் கீழே அதிர்ந்தாலும் கோடு போட்டதுபோல் நேராக நின்றது. பியூஸைக் கழற்றிவிட்டு இந்தமுறை நான் ஓடுகிறேன் என்று அடம்பிடித்து ஏறினேன். முப்பது வருஷம் விட்டு விட்டு அமத்திய கால். ஆனால் கார் லேசாக வழுக்கத் தொடங்கியதும் அந்தக் கால் பயத்தில் கட்டையாகிவிட்டது. விடவேண்டும் என்று மனது சொல்கிறது, கால் விடமாட்டேன் என்கிறது. கார் பக்கவாட்டில் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றது. வலை பொத்தியவர் எழுந்து நின்று, "இறக்கிறதெண்டாச் சொல்லுங்கோ அண்ணை, வள்ளத்தைத் தள்ளி இடம் விடுறன்" என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அப்ப தாரிலை என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "தாரிலை நான் விட்டு விட்டு அமத்துவன் அப்பா. நீங்கள்தானே பழக்கினியள்?" என்றாய். அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாய். நான் பியூஸைத் திரும்பப் போட்டேன். போன குழப்பம் இரண்டாகத் திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை நீ முடிவோடு வந்தாய். "அப்பா, பியூஸைக் கழட்டிவிடுங்கோ. அந்த மஞ்சள் லைற் எரிஞ்சுகொண்டே இருக்கும், அம்மா கண்டா நூறு கேள்வி கேப்பா, வவுனியாவிலை அவையும் கேப்பினம். பல்ப்பையும் கழட்டிவிடுங்கோ" என்றாய். நீ கணினியைத் திறந்து என்னவும் செய்வாய், பொனெற்றைத் திறக்க என்னைத்தான் கூப்பிடுவாய். நான் மறுத்திருக்கவேண்டும், அல்லது சொன்னதைச் செய்திருக்கவேண்டும். பியூஸைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு சோளப்பொத்தி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. கையில் வைத்திருந்தபடியே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, பல்பை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். நீ ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, "இப்பதான் அப்பா கார் என்ரை சொல்லுக் கேக்குது" என்றாய். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு. ஒன்றுமே மாறவில்லையே! பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன், அவனும் சந்தோஷமாக இருக்கிறான், இதைவிடக் கெட்டித்தனம் வேறென்ன என்று அன்று பின்னேரம் முழுவதும் என்னை நானே தட்டிக்கொடுத்தேன். மற்றநாள் காலையில் பல் விளக்கும்போதுதான் உறைத்தது. ஏபிஎஸ் இல்லை என்று நம்பும் நீ, ஆபத்து வரும்போது விட்டு விட்டு அமத்துவாய். ஏபிஎஸ் இருக்கும் காரில் அப்படி அமத்தினால் கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, இருந்த பாதுகாப்பையும் நானே பறித்துவிட்டேன். அதோடு பல்ப் இல்லாததால் ஏபிஎஸ் என்றாவது உண்மையிலேயே பழுதாகிப்போனாலும் உனக்குத் தெரியப்போவதில்லை.

இனித்தான் நான் எழுதப் பயந்த பகுதி. உன் அம்மாவின் கால் ஏன் மடங்காது என்று உனக்குச் சொல்லப்பட்ட கதை, மழை நாளில் மாட்டுக்கன்று ஒன்று காருக்குக் குறுக்கே பாய்ந்தது என்பது. நீ ஐந்து வயதில் அந்தக் கன்றின் மேல் கோபம் கொண்டு, கையில் பூவரசம் தடியோடு அயல் வீட்டு மாட்டையெல்லாம் மிரட்டித் திரிந்தாய். கன்று பாய்ந்தது உண்மை. அதற்கு முந்திய ஏழு மாதத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலம் அது. நாங்கள் மண்ணெண்ணெயில் கார் ஓடினோம். ஸ்டார்ட் எடுக்க மட்டும் ஒரு சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விடுவோம், அது புகை கக்கி இருமி எழும்பும். சாமான் எதுவும் வராது. ஒன்று பழுதானால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அது இல்லாமல் ஓடுவதற்கு வழி கண்டுபிடிப்பதுதான் அன்றைய கெட்டித்தனம். விசிறி இல்லாமல் ஓடினோம், வைப்பர் இல்லாமல் ஓடினோம். என் காரின் பின்பக்க இடது சில்லில் பிறேக் றப்பர் கிழிந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. புது றப்பர் யாழ்ப்பாணம் முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. நான் அந்தச் சில்லுக்குப் போகும் செப்புக் குழாயை மடித்து, சுத்தியலால் அடித்து மூடிவிட்டேன். மற்ற மூன்று சில்லிலும் பிறேக் இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன், எல்லோரும் செய்தார்கள். சந்தியில் நின்று, "மூண்டு சில்லுப் பிறேக்கிலை ஓடுறன் பாருங்கோ" என்று மற்ற ஓட்டுநர்களிடம் பெருமை அடித்திருக்கிறேன். அவர்களுக்குச் சொன்னேன். அந்தக் காரில் தினமும் ஏறி இறங்கிய உன் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள், ஏறமாட்டாள், ஏன் வீண் தொல்லை என்று விட்டுவிட்டேன்.

உனக்கு எட்டு மாதம். ஊசி போட்டுவிட்டு வருகிறோம். அம்மா முன் இருக்கையில், மடியில் நீ. மருதனார்மடம் தாண்டி வரும்போது கன்று பாய்ந்தது. நான் பிறேக் அடித்தேன். ஈர வீதி, மூன்று சில்லுப் பிடிக்க ஒரு சில்லுப் பிடிக்கவில்லை, கார் வலப்பக்கம் இழுத்துச் சுழன்று மதகுக் கட்டில் மோதியது. அம்மா இரண்டு கையாலும் உன்னைக் கட்டிப்பிடித்திருந்தாள். உனக்கு ஒரு கீறலும் இல்லை. அவளுடைய முழங்கால் முன்பலகையில் அடிபட்டு நொறுங்கியது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்டார்கள். கன்று என்றேன். கன்று, கன்று என்று சொல்லிச் சொல்லி, சில வருஷங்களில் நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன். நான்கு சில்லிலும் பிறேக் இருந்திருந்தால் கார் நின்றிருக்குமா என்று கேட்டால், அதுவும் எனக்குத் தெரியாது. ஈர வீதி, கன்றும் மிகக் கிட்ட. நின்றிருக்காமலும் போயிருக்கலாம். இந்தத் "தெரியாது" என்ற சொல்லுக்குள்தான் நான் முப்பது வருஷம் ஒளிந்திருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னப்பா, ரெண்டு நாளாச் சோத்தைப் பிசைஞ்சு போட்டு எழும்புறியள். கலியாணம் உங்களுக்கோ பெடியனுக்கோ?" என்று கேட்டாள். பியூஸ் கதையைச் சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் வாய் நிற்கவில்லை, செப்புக் குழாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் கையில் கீரைக்கட்டோடு நிமிர்ந்தாள்.

"எந்தச் சில்லு?"

"பின்பக்கம். இடது."

"அப்ப என்ரை பக்கம்."

நான் தலையாட்டினேன்.

"எத்தினை நாளா அப்பிடி ஓடினனீங்கள்?"

"ஏழு மாசம் வரும்."

அவள் கீரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. "சொல்லியிருந்தா நான் பிள்ளையோடை பின் சீற்றிலை இருந்திருப்பன்" என்றாள். "அவ்வளவுதானே? வேறை என்ன செய்திருக்கப்போறன்? கார் ஓடவேண்டாம் எண்டு சொல்லியிருப்பனோ? எங்களுக்குச் சோறு போட்டதே உந்தக் கார்தானே. பின்னுக்கு இருந்திருப்பன்." நான் "கோவமோ?" என்று கேட்டேன், கேட்கக்கூடாத முட்டாள் கேள்வி. "தெரியேல்லை" என்றாள். "முப்பது வருசமா ஒரு மாட்டுக்கண்டைத் திட்டினனான். இனி ஆரைத் திட்டுறதெண்டு யோசிக்கிறன்."

கீரைக்கட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவளே மீண்டும் தொடங்கினாள். "இப்ப பெடியனுக்கும் உதையேதான் செய்திருக்கிறியள். ஓடுற அவனுக்கும் தெரியாது, பக்கத்திலை இருக்கிற எனக்கும் தெரியாது. இந்தக் காரிலை பின்னுக்கு இருக்கவும் இடமில்லை." அது உண்மை. பின் இருக்கை என்று அந்தக் காரில் இருப்பது ஒரு குடையும் இரண்டு தேங்காயும் வைக்கத்தான் காணும். "அவனிட்டைச் சொல்லுங்கோ. கதைக்க வெளிக்கிட்டா இடையிலை வேறை கதைக்குப் போயிடுவியள். எழுதுங்கோ" என்றாள். அதனால்தான் நீ கலியாண அழைப்புக் காட் கொடுக்கக் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் போயிருக்கும் இந்தப் பின்னேரம் நான் இருந்து எழுதுகிறேன். அம்மா என்னோடு கதைக்கிறாள், தேத்தண்ணி தருகிறாள், ஆனால் என் பக்கம் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு பாரமாக இருக்கிறது, தம்பி. இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகாவது, ஏபிஎஸ்ஸைக் கழற்றுவதா விடுவதா என்பதற்கு ஒரு பதில் வந்திருக்கவேண்டும். வரவில்லை. விட்டுவை என்று எழுதிவிட்டு, பீற்றூட்காரரை நினைத்து வெட்டினேன். கழற்று என்று எழுதக் கை வரவில்லை, கொழும்புத்துறையில் கட்டையாகிப்போன என் கால் நினைவுக்கு வந்தது. நாளை நீ போகும் கண்டி வீதி தார் வீதி, மார்கழி மழையும் விடவில்லை, அதனால் நாளைக்கு அது இருக்கட்டும் என்று என் மனது சாய்கிறது. மனது சாய்ந்த பக்கமெல்லாம் சரியாக இருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டேன். நீயும் மருமகளும் நாளைக்கு எத்தனையோ விஷயத்தில் இப்படித் தடுமாறுவீர்கள். வீடு கட்டுவதோ, வெளிநாடு போவதோ, பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்பதோ. தெரியாவிட்டால் தெரியாது என்று அவளுக்குச் சொல். எனக்கு அது வாழ்நாள் முழுவதும் வரவில்லை. காரில் எது இல்லை என்று சந்தியில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னேன், பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்லவில்லை.

பல்பை இந்தத் தாளின் அடியில் செலோரேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கவனம், விழுத்திவிடாதே. நான் விடியவே எழும்பி முற்றத்தில் நிற்பேன். போடு என்றால் பத்து நிமிஷத்தில் போட்டுத் தருகிறேன். பியூஸைக் கழற்று என்றாலும் கழற்றித் தருகிறேன், அதற்கும் கோபிக்கமாட்டேன், ஆனால் மஞ்சள் விளக்கை மறைக்க இனி இந்தக் கை உதவாது. அது எரியட்டும். வவுனியாவில் கேட்டால் சொல். எதைச் செய்தாலும் மூன்று பேரும் நிற்கும்போது செய்வோம்.

அம்மா நாளை உன்னோடு வரத்தான் போகிறாள். நான் எல்லாவற்றையும் சொன்ன பிறகும் சீலையை எடுத்து மடித்து வைத்துவிட்டாள். முன் இருக்கையில், காலை நீட்டிக்கொண்டு, உன் பக்கத்தில்தான் இருப்பாள். நீ திறப்பைப் போடும்போது அவள் உன்னிடம், "தம்பி, பிறேக் எப்பிடி?" என்று கேட்பாள். கேட்கப்போவதாக எனக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டாள். உள்ளதைச் சொல்லிவிட்டுக் காரை எடு.

அப்பா